பருமனும் இதய ஸ்கேன் கதிர்வீச்சும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இதய சிடி ஸ்கேனில் உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கூடுதல் கதிர்வீச்சு தேவைப்படுவது உண்மைதான். தடித்த உடலைக் கடப்பதற்குள் எக்ஸ் கதிர்களில் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். எக்ஸ் கதிர்க் குழாயின் மின்னழுத்தம் ஒல்லியானவருக்கு 100 கிலோவோல்ட் போதுமென்றால், இவர்களுக்கு 120-க்கு ஏற்றுகிறார்கள். சரி, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எடையைப் பார்த்ததுமே எல்லாவற்றையும் உச்சத்தில் வைப்பது சோம்பேறித்தனம். பீட்டா பிளாக்கர் என்ற மருந்தைக் கொடுத்து நாடித்துடிப்பை நிமிடத்துக்கு 60-க்குப் பக்கத்தில் கொண்டுவந்தால், துடிப்பின் ஒரு கட்டத்தில் மட்டும் கதிரைச் செலுத்திப் படமெடுக்கலாம். துடிப்பு முழுக்கக் கதிரைச் செலுத்தும் முறையோடு ஒப்பிட்டால் டோஸ் (உடலில் சேரும் கதிர்வீச்சின் அளவு) பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஊசியில் செலுத்தி இதயத்தின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் பரிசோதனையிலும் வழி உண்டு. ஸ்ட்ரெஸ் படத்தை, அதாவது உடற்பயிற்சியாலோ மருந்தாலோ இதயத்துக்கு வேலை கொடுத்து எடுக்கும் படத்தை, முதலில் எடுத்து, அது இயல்பாக இருந்தால் ஓய்வுநிலைப் படத்தை விட்டுவிடலாம். இரண்டாவது ஊசியே வேண்டாம்! ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் எக்கோவில் கதிர்வீச்சு இல்லை, ஆனால் பருமனானவர்களுக்கு அதில் படம் தெளிவாக அமையாமல் போவதும் உண்டு.

அப்புறம் ஒரு கோரிக்கை. சிடி கருவி ஒவ்வொருவருக்கும் செலுத்திய டோஸைத் தானே பதிவு செய்கிறது. அந்த எண்ணை அறிக்கையிலேயே அச்சிட்டுக் கொடுத்தால், அடுத்த ஸ்கேனுக்கு எழுதித் தரும் மருத்துவருக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்