தூண்டிலைச் சுருட்டின அண்ணை

அன்பு மச்சான்,

சுகமாய் இருக்கிறியோ? வீட்டுக்காரியும் பிள்ளையளும் சுகம்தானே? இஞ்ச எல்லாரும் சுகம். மாரி தொடங்கினதோட அம்மாவுக்கு முழங்கால் நோ கூடிப்போச்சு, வேற ஒண்டுமில்லை. வயல் வடிவா நிக்குது, யானை இறங்காட்டிச் சரி. ஊர்ப்புதினம் இவ்வளவும்தான். நான் எழுத வந்தது வேற விசயம்.

சைக்கிள்கடை அண்ணை தூண்டிலை விட்டிட்டார்.

நீ நம்பமாட்டாய் எண்டு தெரியும். காய்ச்சலோடயும் ஆத்தங்கரையில போய்க் குந்தின மனுசன். இடம்பெயர்ந்து ஓடேக்க உடுப்பு விட்டுப்போச்சு, தூண்டில் நூலாய்ப் பாவிக்கிற தங்கூசிச் சுருள் மட்டும் உரப்பையுக்குள்ள கிடந்தது. முகாமால திரும்பி வந்து, வீட்டுக்குக் கூரை போட முதல், தான் தூண்டில் போடுற அந்த ஆத்தங்கரை மருதமரம் நிக்குதோ எண்டு பாக்கப் போனவர். அப்பிடிப்பட்டவர் இப்ப பின்னேரத்தில கடை வாசலில கதிரையைப் போட்டு றோட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். எனக்கு அந்தப் பக்கத்தால போகவே மனமில்லை.

நடந்ததைச் சொல்லிறன். இந்தமுறை கார்த்திகை மழை விடாமப் பெய்ததில இரணைமடுக் குளம் முட்டி, மிச்சத் தண்ணியை ஆத்துக்கு விடுற வான்கதவு திறந்தாச்சு. முந்தி அது எங்கட ஊருக்கு மட்டும் தெரியிற சங்கதி. இப்ப கதவு திறந்து அரை மணித்தியாலத்தில பேஸ்புக்கில படம் வந்திடும். ஏ9 றோட்டால யாழ்ப்பாணத்துச் சனம், வவுனியாச் சனம், அனுராதபுரத்தில இருந்தும் வாகனம் பிடிச்சுக்கொண்டு வருகினம். வரட்டும், வந்து பாக்கட்டும். குளம் நிரம்பின சந்தோசம் எல்லாருக்கும்தானே. ஆனா கனகராயன் ஆத்தில வான்கதவுக்குக் கீழ மீன் நிக்கிற இடம் எவ்வளவு எண்டு உனக்குத் தெரியும். நுரைச்சுப் பாயிற தண்ணிக்க மீன் நிக்காது. அந்தப் பாய்ச்சலுக்கு ஓரத்தில, கல்லுக்குப் பின்னால, தண்ணி சுத்தி ஆறுற மூலையளில்தான் ஒதுங்கி நிண்டு இரை பாக்கும். அப்பிடியான மூலை கொஞ்சம்தான். சனமோ திருவிழாச் சனம். எல்லாருக்கும் அதே மூலைதான் வேணும்.

அண்ணை விடியவே போய்த் தன்ர மருதமரத்தடியில இருந்திட்டார். மயிலிறகுத் தண்டு மிதப்பு, பாண் உருண்டை, அதே பழைய கோலம். ஜப்பான் மீன் (திலாப்பியா) கொத்தத் தொடங்கி, மிதப்பு மெல்லச் சரிஞ்சு சரிஞ்சு எழும்பிற நேரம். அஞ்சாறு பெடியள் பாட்டுப்பெட்டியோட வந்தாங்கள். அதில ரெண்டு பேர் அவருக்கு முன்னாலயே முழங்கால் தண்ணிக்க இறங்கி, அவற்ற மிதப்புக்கு மேலயே வீச்சுவலையை விரிச்சாங்கள். வலை இழுத்தால் தங்கூசியும் சேந்து வருது. அண்ணை "தம்பி, இஞ்ச தூண்டில் கிடக்குதப்பு" எண்டு மட்டும்தான் சொன்னவர். நான் பக்கத்தில நிண்டனான், எனக்குக் கேட்டது. அதுக்கு ஒருத்தன் திரும்பிப் பாக்காமலே, "ஐயா, ஆறு உங்கட அப்பன்ர சொத்தோ?" எண்டான். நான் வாயைத் திறக்க முதல் அண்ணை கையைக் காட்டி மறிச்சுப் போட்டார். வலைக்குள்ள மாட்டி முறிஞ்ச மயிலிறகை எடுத்தார், தங்கூசியைத் தடியில ஒரு சுத்துக் குழம்பாமச் சுருட்டினார், தூண்டில் முள்ளைத் தக்கையில குத்தினார், சைக்கிளை உருட்டிக்கொண்டு போயிட்டார். அவர் சண்டை பிடிச்சிருந்தால் எனக்கு இவ்வளவு கவலை இல்லை மச்சான்.

அந்தப் பெடியன் சொன்னதில ஒரு நியாயம் இருக்கு, அதுதான் என்னை விடாமக் குடையுது. ஆறு ஒருத்தற்ற சொத்துமில்லை. ஆனா ஒருத்தன் தூண்டில் போட்டிருக்கிற நேரம் மட்டும் அந்தத் துண்டுத் தண்ணி அவன்ர. அவன் எழும்பினால் அது திரும்ப எல்லாருக்கும் பொது. இதை எங்களுக்கு ஒருத்தரும் இருத்தி வச்சுப் படிப்பிக்கேல்ல. கரைக்குப் போனால் முதல் தடியை விரிக்காமல் நிண்டு பாப்பம். ஆர் எங்க இருக்கினம், ஆற்ற மிதப்பு எந்தப் பக்கம் இழுபடுது எண்டு பாத்திட்டு, "அண்ணை, இதில போடலாமோ?" எண்டு கேப்பம். "ஓம், இரு" எண்டுவினம், இல்லாட்டி "கொஞ்சம் கீழ போடாப்பா, தங்கூசி மாட்டும்" எண்டுவினம். தூண்டில் கிடக்கிற தண்ணிக்க கால் கழுவிறேல்ல, வலை வீசிறேல்ல. வெயில் முதுகுப்பக்கம் நிண்டால் ஆக்களுக்குப் பின்னால குனிஞ்சு போவம், நிழல் தண்ணியில விழுந்தால் மீன் விலகுமெண்டு. குஞ்சோட திரியிற விராலுக்கு இரை காட்டிறேல்ல. தாய் தகப்பன் போச்செண்டால் அந்தச் சிவப்புக் குஞ்சுக் கூட்டம் முழுக்க மற்ற மீனுக்குத் தீன்தானே. கறிக்குக் காணும் எண்டால் எழும்பி இடத்தை மற்றவனுக்கு விடுறது. உனக்கு மட்டும்தான் இதெல்லாம் ஏறேல்ல. என்ர மிதப்புக்கு ஒரு சாண் தள்ளி உன்ர மிதப்பைப் போட்டு, அண்ணையிட்ட நீ வாங்கின பேச்சை இண்டைக்கும் கணக்கு மாஸ்டர் சொல்லிச் சிரிக்கிறவர்.

அந்தப் பெடியளில எனக்குக் கோபம்தான், ஆனா யோசிச்சுப் பாத்தால் கோபம் முழுக்க நிக்குதில்லை. இப்ப இருபது, இருபத்தஞ்சு வயசுப் பெடியனுக்கு ஆர் கரை காட்டினது? அவன் சின்னப்பிள்ளையாய் இருந்த காலத்தில சனம் ஊர் ஊராய் ஓடிக்கொண்டிருந்தது. 2009க்குப் பிறகு திரும்பி வரேக்க எத்தினை வீட்டில அப்பன், பெரியப்பன், மாமன் இல்லை. தகப்பன்ர பக்கத்தில குந்தியிருந்து வாற பழக்கம் அது. அந்தப் பக்கம் வெறுமையாக் கிடந்திருக்கு. இதை நினைச்சால் எனக்கு நெஞ்சு அடைக்குது. அண்ணைமார் இருக்கேக்கயே இதைச் சொல்லிக் குடுக்காட்டிப் பிறகு ஆர் சொல்லுவினம்?

நீ போனில சொன்ன பூலாஸ்கிக் கதையைக் கனநாளாய் யோசிச்சுக்கொண்டு இருக்கிறன். புரட்டாசி, ஐப்பசியில சால்மன் ஆறேறேக்க அமெரிக்காவில நியூயோர்க் மாநிலத்துப் பூலாஸ்கி ஊர் ஆத்தில தோளோட தோள் முட்ட நிப்பினம் எண்டாய். 20 இறாத்தல் சினூக் சால்மன் ஒண்டு மாட்டினால் அவன் கத்துவானாம், உடன பக்கத்தில நிக்கிறவை எல்லாம் தங்கள்தங்கட தங்கூசியைச் சுத்தி எடுத்து, அவன் மீனோட கீழ ஓட வழி விடுவினமாம். இதைக் கேட்டு எனக்குச் சரியான சந்தோசம். அவ்வளவு நெரிசலுக்குள்ளயும் ஒரு முறை இருக்குதெண்டால், நெரிசலைச் சாட்டாக் காட்ட எங்களுக்கு வழியில்லைத்தானே. அதுபோல கனடாவில நியூ பிரன்ஸ்விக்கில மிராமிச்சி ஆத்து வரிசை. மீன் நிக்கிற ஆத்துக் குழியின்ர மேல்தலைப்பில இறங்கி, ஒருக்கா வீசி, ஒரு எட்டுக் கீழ நகர்ந்து, திரும்ப வீசி, அடிக்கு வந்தால் கரையேறி வரிசையின்ர கடைசிக்குப் போறது. நல்ல இடம் ஒருத்தருக்கே பட்டா இல்லை, எல்லாற்ற காலும் அதில படும். ஆருக்கும் முன்னால போய் இறங்கிறது அங்க பெரிய மரியாதைக்கேடு எண்டும் சொன்னாய்.

இதை நான் எங்கட பெடியளுக்குச் சொல்லிப் பாத்தன். "அப்ப நாங்களும் வரிசையில நகருவம் அண்ணை" எண்டாங்கள். ஆனா இஞ்ச அது சரிவராது மச்சான். அங்க வீசி இழுக்கிற தூண்டில், ஆள் நடந்தால் தூண்டிலும் நடக்கும். எங்கடது மிதப்புத் தூண்டில். இரை ஒரே இடத்தில கிடந்து, மீன் வந்து மணந்து கொத்த வேணும். நகர்ந்துகொண்டிருந்தால் ஒருத்தருக்கும் ஒண்டும் கிடையாது. எங்களுக்குப் பொருந்திறது பழைய முறைதான், கறிக்குக் கிடைச்சால் எழும்பிறது. அதையும் இப்ப ஆர் கேக்கினம்? பெட்டி நிறையப் பிடிச்சாலும் படம் எடுக்கப் பெரிசு ஒண்டு வேணுமாம்.

வலைக்காரரை நான் குறை சொல்லுறன் எண்டு நினைச்சிடாத. மீன்பிடிச் சங்கத்தில பதிஞ்சு குளத்துக்க தொழில் செய்யிற ஆக்கள் பின்னேரம் வள்ளத்தில போய் வலை விட்டு, விடிய எடுத்துக்கொண்டு வருகினம். ஒருத்தன்ர வலைக்கு மேல மற்றவன் விடமாட்டான். 1952இல இந்த ஜப்பான் மீனை நாட்டுக்குள்ள கொண்டுவந்து விட்ட பிறகுதான் குளத்து மீன்பிடி இவ்வளவு பெருத்தது. எங்கட பக்கத்திலயும் எத்தினையோ அடுப்பு அதில எரியுது. அவை தொழில். நாங்கள் தூண்டில் போடுறது பாதி கறிக்கு, பாதி மனசுக்கு. தொழில்காரன் வந்தால் நான் எழும்பி இடம் குடுப்பன், அதில எனக்கு ஒரு தயக்கமுமில்லை. ஆனா அண்ணைக்கு முன்னால வலை வீசினவங்கள் தொழில்காரர் இல்லை. பிடிச்ச மீனில பாதியைக் கரையிலயே எறிஞ்சு போட்டுப் போனாங்கள். பின்னேரம் நாய்கூட மணந்து பாத்திட்டு விட்டிட்டுது.

இதோட முடிஞ்சிருந்தால் நான் மனசுக்குள்ள வச்சுக்கொண்டு பேசாம இருந்திருப்பன். போன கிழமை ஒரு சின்னப் பெடியன்ர காதில தூண்டில் ஏறிப்போச்சு. கைத்தங்கூசியைத் தலைக்கு மேல சுழட்டி ஈயத்தோட எறிஞ்சவர், பின்னால ஆர் நிக்கினம் எண்டு பாக்கேல்ல. பின்னால நிக்க இடமும் இல்லை, அவ்வளவு நெரிசல். முள்ளின்ர எதிர்ப்பக்கக் கூர் சதைக்குள்ள கொளுவினால் பின்னுக்கு இழுக்க வராதுதானே. தகப்பன் இழுக்கப் போக, கணக்கு மாஸ்டர் ஓடிவந்து கையைப் பிடிச்சு நிப்பாட்டி, தங்கூசியை வெட்டிவிட்டு ஆசுப்பத்திரிக்கு அனுப்பினவர். அங்க விறைக்க ஊசி போட்டு, முள்ளின்ர கூர் நுனியை முன்னுக்குத் தள்ளி வெளியில எடுத்து, அதைக் குறட்டால நறுக்கிப்போட்டு மிச்சத்தை உருவி எடுத்தவையாம். ஒரு விரல் தள்ளிப் பட்டிருந்தால் கண். அந்தப் பெடியன் அழவுமில்லை, பயத்தில வாயைப் பொத்திக்கொண்டு நிண்டவன். எனக்கு அண்டைக்கு இரவு நித்திரை இல்லை.

அதால சும்மா இருக்காம, நானும் மாஸ்டரும் சங்கத் தலைவரையும் விளையாட்டுக் கழகப் பெடியளையும் கண்டு கதைச்சம். ரெண்டு மூண்டு விசயத்துக்கு எல்லாரும் ஓமெண்டிட்டினம். வீச்சுவலைக்காரர் ஆத்து வளைவுக்குக் கீழ, தூண்டில்காரர் மேல. கைத்தங்கூசி சுழட்டிறவைக்கு மணல்திட்டுப் பக்கம், பின்னால வெட்டையாக் கிடக்கிற இடம். தடிக்காரர் ஆளுக்காள் ஒரு தடியும் அரையும் தள்ளி இருந்தால் காணும், மிதப்பு மாட்டாது, கையும் வீசலாம். வான்கதவுக்குக் கிட்ட ஒருத்தரும் இறங்கிறேல்ல. கதவை இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் முழங்கால் தண்ணி எவ்வளவு கெதியில கழுத்துக்கு வரும் எண்டு 2018 மார்கழி வெள்ளம் கண்டவைக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியூராருக்குத்தான் தெரியாது. கழகப் பெடியள் கரைக் கல்லுகளுக்கு வெள்ளை அடிக்கிறம் எண்டவங்கள். அதில ஒருத்தன், அண்ணையிட்ட "அப்பன்ர சொத்தோ" எண்டு கேட்டவன்ர கூட்டாளி. தானே வந்து நிண்டான். நான் ஒண்டும் கேக்கேல்ல.

ஆனா அண்ணை அசையிறார் இல்லை. ரெண்டுதரம் போய்க் கேட்டுப் பாத்தாச்சு. "வேண்டாம்டாப்பா, பெடியள் பிடிக்கட்டும்" எண்டிறார். கோபத்தோட சொன்னால் சமாளிக்கலாம், இது கோபமில்லை. நான் சொன்னால் கேக்கமாட்டார், உன்ர சொல்லுக் கேப்பார், நீதானே அவற்ற செல்லம். தை மாதம் வாறன் எண்டாய், ரிக்கெற் போட்டிட்டியோ? தை பிந்தினால் வான் பாயிறது நிண்டிடும், ஆனா ஆத்து மடுவில தண்ணி இருக்கும், மீனும் நிக்கும். அதுக்கு முதல் நீ அவருக்கு ஒருக்கா போன் எடு. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எடு, கடையில ஆக்கள் இருந்தால் கதைக்கமாட்டார். ஆத்தைப் பற்றி நீயாய்த் தொடங்காத, பூலாஸ்கிக் கதையைச் சொல்லு, அவரே கேள்வி கேப்பார்.

வரேக்க எதிர்க்கூர் இல்லாத முள் கொஞ்சம் கொண்டு வா, சின்னன் பாத்து. கழகத்துச் சின்னப் பெடியளுக்குக் குடுக்க வேணும். அங்கத்தை ஆத்தங்கரையளில எழுதி வைக்கிற பலகை ஏதும் கண்டால் படம் எடுத்து அனுப்பு, எங்கட பலகைக்கு என்ன எழுதிறது எண்டு மாஸ்டர் மண்டையைப் போட்டு உடைச்சுக்கொண்டு இருக்கிறார். பிள்ளையளுக்கு என்ர அன்பு. அம்மா உன்னை மெலிஞ்சு போனாய் எண்டு சொல்லச் சொன்னவ, படத்தில பாத்தவவாம்.

உன்ர,
கட்டையன்