'பிரேக் பிடிக்கவில்லை' என்ற ஒற்றை வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

மலைப்பாதை விபத்துச் செய்திகள் பலவும் 'பிரேக் பிடிக்காததால்' என்ற காரணத்தோடு முடிந்துவிடுகின்றன. கார் உரிமையாளர்களும் அதே வரியைத்தான் காப்பீட்டு கிளெய்ம் படிவத்தில் எழுதுகிறார்கள். எழுதிய வரியே பிறகு அவர்கள் கழுத்தைப் பிடிக்கிறது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கியரைக் குறைக்காமல், பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் சூடு, அதை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர் வழியாக பிரேக் ஆயிலுக்கு ஏறும். டாட் 3 என்ற தரத்திலான புதிய பிரேக் ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது தாங்க வேண்டும் என்பது தரநிர்ணயம். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். பெடல் பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. ஆறியதும் குமிழ்கள் அடங்கிப் பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். சேதத்தை மதிப்பிட இரண்டு நாள் கழித்து வரும் காப்பீட்டு சர்வேயர் மிதித்துப் பார்த்து, 'பிரேக் நன்றாக உள்ளது' என்று எழுதிவிடுகிறார்.

அதனால் பழுது பார்க்கக் கை வைப்பதற்கு முன்பே சாட்சியத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆயில் டப்பாவின் மட்டம், சக்கரங்களின் உட்புறக் கசிவு, பேடுகளின் தடிமன் ஆகியவற்றைப் படம் எடுங்கள். ஆயில் மாதிரியை டப்பாவிலிருந்து மட்டும் எடுத்தால் போதாது; சூடேறியது சக்கரத்துப் பக்கம் என்பதால் காலிப்பரில் ஆயிலை வெளியேற்ற உள்ள பிளீடர் நிப்பிளிலிருந்தும் எடுத்து, காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் மூடி வையுங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் பிழைக் குறியீடுகளை ஸ்கேன் செய்து பிரதி வாங்குங்கள். பழுது பார்த்தபின் அவற்றை அழித்துவிடுவார்கள். மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்லக் கீழே போயிருந்தால் பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் மீதுதான் முதல் சந்தேகம். கழற்றிய சிலிண்டரைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

சொந்தச் சேதத்துக்கான பாலிசியில் இயந்திரக் கோளாறு விலக்கு என்பது உண்மை. ஆனால் அது பழுதான பாகத்துக்கே பொருந்தும். மாஸ்டர் சிலிண்டர் விலையை மறுக்கலாம். மோதலில் நொறுங்கிய ரேடியேட்டரையும் பானட்டையும் அதே காரணம் சொல்லி மறுப்பது நியாயமல்ல. ஓட்டுநரின் சாதாரணக் கவனக்குறைவும் விலக்குப் பட்டியலில் இல்லை. நிறுவனங்கள் கையில் எடுப்பது, வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைத்தான். அதற்கு நாம் தரக்கூடிய பதில் சர்வீஸ் பில்தான். 'ஜெனரல் சர்வீஸ்' என்று மொத்தமாகப் போட்ட பில்லில் பிரேக் ஆயில் மாற்றியதற்குச் சான்று ஏது? மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், ஆயிலின் தரம் மூன்றையும் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். படிவத்தில் கண்டதை எழுதுங்கள்: எந்த வளைவு, எந்த கியர், பெடல் எப்படி இருந்தது என்று. காரணத்தை நீங்களே தீர்மானித்து எழுத வேண்டாம்.

அடிபட்டவர் வழக்குப் போட்டால் நிலைமை வேறு. பழுது மறைந்திருந்தது, உரிய கவனம் எடுத்தும் தெரியவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உரிமையாளருடையது என 1977-இல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அங்கும் அந்த சர்வீஸ் பில்தான் பேசும்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

இப்படிக்கு,
வாசகர், நாமக்கல்