செயலாளர் ஆண்டறிக்கை: 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்கூட்டத்துக்கு நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் வழக்கம்போல் நடந்தன. மண்டபம் கிடைக்காததால் நவராத்திரி கொலு ஒரே நாளில் முடிந்தது. விளையாட்டுப் போட்டி மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது.

மற்ற இடம் முழுவதையும், வெளிநாட்டு மாணவருக்குக் கல்லூரிக் கடிதங்களையும் கெடுக்களையும் விளக்கி உதவும் நம் சனிக்கிழமை மாணவர் உதவி மேசைக்கு எடுத்துக்கொள்கிறேன். "இது சங்கத்தின் வேலையா?" என்று சென்ற பொதுக்கூட்டத்தில் கேட்டார்கள். பதில் சொல்வது என் கடமை.

வெளிநாட்டு மாணவரைக் காக்க ஆஸ்திரேலியாவில் 2000-ஆம் ஆண்டிலிருந்தே ஈசாஸ் சட்டம் இருக்கிறது. அதன் கீழுள்ள, கல்லூரிகள் பின்பற்ற வேண்டிய விதித்தொகுப்பான நேஷனல் கோடின் இப்போதைய வடிவம் 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. பாதுகாப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு பாதுகாப்புக்கும் ஒரு கெடு உண்டு, காட்ட ஒரு காகிதமும் வேண்டும். மேசைக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கெடு தாண்டிய பிறகு வருகிறார்கள், அல்லது காகிதம் இல்லாமல் வருகிறார்கள்.

முதலில் கல்லூரி மாற்றம். முதன்மைப் படிப்பில் ஆறு மாதம் முடியும்வரை, இருக்கும் கல்லூரி விடுவித்தால்தான் வேறு கல்லூரி சேர்க்க முடியும். ஆங்கிலம், டிப்ளோமா, பேச்சிலர் என்று ஒரே பேக்கேஜாக வந்தவருக்கு முதன்மைப் படிப்பு கடைசியில் இருக்கும் பேச்சிலர்தான். வந்து இறங்கிய நாளிலிருந்து ஆறு மாதம் எண்ணிவிட்டுப் புதுக் கல்லூரிக்குப் பணம் கட்டி ஏமாறுகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். விடுவிக்க மறுத்தால் கல்லூரி காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கேட்டு வாங்க வேண்டும்.

இதைவிடப் பெரிய பள்ளம் படியிறக்கம். ஆஸ்திரேலியத் தகுதிச் சட்டகத்தில் பத்துப் படிகள். சர்டிஃபிகேட் த்ரீ மூன்றாம் படி, டிப்ளோமா ஐந்து, பேச்சிலர் ஏழு, மாஸ்டர்ஸ் ஒன்பது. விசா எந்தப் படிக்குத் தரப்பட்டதோ அதற்குக் குறையாத படியில் சேர்க்கை தொடர வேண்டும் என்பது மாணவர் விசாவின் 8202 எண் நிபந்தனை. மாஸ்டர்ஸ் படிக்க வந்தவர் கட்டணம் தாங்காமல் சமையல் சர்டிஃபிகேட்டுக்கு மாறினால், "இதுவும் படிப்புதானே" என்ற வாதம் செல்லாது. புது விசா எடுக்க வேண்டும். அதன் கட்டணம் 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆனது, 2025 ஜூலையில் 2,000 ஆனது.

அடுத்தது, படிப்பில் முன்னேற்றம் போதாது என்று குடிவரவுத் துறைக்கு அறிவிக்கப்போவதாக வரும் கடிதம். அது கல்லூரி மின்னஞ்சலுக்கு வரும். பிள்ளைகள் பார்ப்பது சொந்த மின்னஞ்சலை. கடிதம் கிடைத்ததிலிருந்து 20 வேலை நாட்களுக்குள் கல்லூரியிலேயே மேல்முறையீடு செய்யலாம். அந்த உள்முறையீடும், அதன்பின் கல்லூரிக்கு வெளியே செய்யும் வெளிமுறையீடும் முடியும்வரை கல்லூரி அறிவிக்கக் கூடாது. அந்தக் காலத்தில் வகுப்புக்கு ஒழுங்காகப் போக வேண்டும். வெளிமுறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் கதவு வேறுபடும்: தனியார் தொழிற்கல்லூரி என்றால் காமன்வெல்த் ஆம்புட்ஸ்மன் (புகார் விசாரிக்கும் சுயேச்சை அதிகாரி), இங்குள்ள டேஃப் என்ற அரசுத் தொழிற்கல்லூரி என்றால் நியூ சவுத் வேல்ஸ் ஆம்புட்ஸ்மன், பல்கலைக்கழகம் என்றால் 2025 பிப்ரவரி 1 முதல் நேஷனல் ஸ்டூடன்ட் ஆம்புட்ஸ்மன். தவறான கதவைத் தட்டினால் நாட்கள் வீணாகிவிடும்.

கல்லூரியே மூடினால், 14 நாளுக்குள் அது வேறு இடம் தர வேண்டும் அல்லது படிக்காத பகுதிக்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் 2012-இல் தொடங்கிய டியூஷன் ப்ரொடெக்‌ஷன் சர்வீஸ் என்ற அரசு அமைப்பு பொறுப்பேற்கும். இங்கேயும் ரசீதுதான் பேசும். கல்லூரியில் சேர்த்துவிடும் ஏஜென்டின் சொந்தக் கணக்கில் பணம் போட்டவரால் கல்லூரிக்குக் கட்டியதாகக் காட்ட முடிவதில்லை. ஊரிலிருந்து விண்ணப்பித்து விசா மறுக்கப்பட்டவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு: கட்டியதில் 5 சதவீதம் அல்லது 500 டாலர், இவற்றில் எது குறைவோ அதை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை நான்கு வாரத்தில் கல்லூரி தர வேண்டும். இது தெரியாமல் "திரும்ப வராது" என்று விட்டுவிடும் பெற்றோருக்காகவே இங்கே எழுதுகிறேன்.

தொழிற்படிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேருவதற்கு முன் குறியீட்டைப் படிக்கச் சொல்கிறோம். எஸ்.ஐ.டி. 30821 என்றால் சமையல் சர்டிஃபிகேட் த்ரீ: எஸ்.ஐ.டி. என்பது சுற்றுலா, விருந்தோம்பல் துறை, முதல் 3 என்பது படி, கடைசி 21 என்பது பாடத்திட்ட ஆண்டு. பழைய குறியீட்டில் சேர்க்கப் பார்த்தால் அங்கேயே கேள்வி கேட்கலாம். இந்தப் படிப்பில் மதிப்பெண் கிடையாது. தேறினார் அல்லது இன்னும் தேறவில்லை, அவ்வளவுதான். சமையற்காரராக வேலை செய்யும் பாடத்துக்கு உண்மையான சமையலறையில் 48 முழுப் பரிமாறல் வேளைகள் நின்றிருக்க வேண்டும். முதியோர் பராமரிப்பு சர்டிஃபிகேட் த்ரீக்கு 120 மணி நேரக் களப்பயிற்சி. இவை நடக்காமலே சான்றிதழ் கொடுத்தால் சந்தோஷப்படக் கூடாது. 2024 கடைசியிலிருந்து தொழிற்கல்வி ஒழுங்காற்று அமைப்பான அஸ்க்வா, மூடப்பட்ட சில நிறுவனங்கள் வழங்கிய சான்றிதழ்களைப் பல்லாயிரக்கணக்கில் ரத்து செய்தது. படித்ததை நிரூபிக்கும் சுமை சான்றிதழ் வைத்திருந்தவர் தலையில் விழுந்தது. ஆகவே பரிமாறல் பதிவேட்டில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் மேற்பார்வையாளரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கிப் படம் எடுத்து வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரே மையில் நிரப்பிய பதிவேட்டை எந்த அதிகாரியும் நம்பமாட்டார்.

வேலை பற்றிச் சில வரிகள். வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி. அந்த இரண்டு வாரம் திங்களன்று தொடங்கும். கையில் காசு வாங்கிய மணிகளும் இதில் சேரும். குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலையில் மணிக்கு 24.95 டாலர் ஆனது, நம்மவர் கடை என்பதற்காக அது குறையாது.

விசா விஷயத்தில் மேசை ஆலோசனை சொல்வதில்லை. அந்த உரிமை பதிவுபெற்ற மைக்ரேஷன் ஏஜென்டுக்கும் வழக்கறிஞருக்கும் மட்டுமே. கடிதத்தைப் படித்து விளக்குவது, கெடுவை நாட்காட்டியில் குறிப்பது, கோப்பை அடுக்குவது, சரியான இடத்துக்கு அனுப்புவது: இதுவே எங்கள் வேலை. இதைச் செய்யச் சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. பொறுமையும் ஒரு நகலெடுக்கும் இயந்திரமும் போதும்.

ஆட்கள்தான் போதவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் பதினொரு பேர் பெயர் கொடுத்தீர்கள். மூன்று பேர் தொடர்ந்து வந்தார்கள். ஒருவர் கூட வராத சனிக்கிழமைகளில் வாசலில் காத்திருந்த பிள்ளைகளுக்கு நானே பதில் சொன்னேன். செயற்குழுக் கூட்டங்களில் இருமுறை போதிய எண்ணிக்கை இல்லாமல் முடிவெடுக்க முடியவில்லை. சந்தாவும் அப்படியே. கணிசமானோர் இரண்டாம் ஆண்டாகப் பாக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு நினைவூட்டல் அனுப்பியாயிற்று. விழாச் சாப்பாட்டுக்கு வருகிற வீடுகளே அந்தப் பட்டியலிலும் இருப்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

கணக்கைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். விழாக்கள் ஏறக்குறைய தம் செலவைத் தாமே ஈடுகட்டின, மண்டப வாடகை உயர்ந்தது, மேசைக்குச் செலவானது அச்சுத்தாளும் தேநீரும்தான், கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. தலைவர், பொருளாளர், மகளிர் அணியினர், ஒலிபெருக்கி உதவியவர்கள், சமையலறையில் நின்றவர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மேசை நடக்குமா என்பதை என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிப்ரவரியிலும் ஜூலையிலும் புது மாணவர் வரும்போது வாரம் இரண்டு பேராவது உட்கார வேண்டும், காலை பத்து முதல் ஒரு மணிவரை. ஒருவருக்கு இரண்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் வரும். பெயர்ப் பட்டியல் வாசல் மேசையில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.

பணிவன்புடன்,
செயலாளர்