எங்க வீட்டுக் கரும்பையும் கொஞ்சம் வரைங்க

சிங்கப்பூர்ல தமிழ்ல பிள்ளைங்களுக்குப் பட புத்தகம் எழுதுறவங்க, வரையிறவங்க, அச்சடிச்சு வெளியிடுறவங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் தமிழ். என் வீட்டுக்காரர் சீனர், அதுலயும் ஹொக்கியன் பேசற பிரிவு. மகளுக்கு ஆறு வயசு, பாலர் பள்ளில கடைசி வருஷம். அவ பிறப்புச் சான்றிதழ்ல இனம்ங்கற இடத்துல ரெண்டையும் கோடு போட்டு "இந்தியர்-சீனர்"னு பதிஞ்சிருக்கு, 2011 ஜனவரிலேருந்து இப்படிப் பதியலாம்னு அரசாங்கமே விட்டுடுச்சு. அரசாங்க ஃபாரம்ல அவளுக்கு இடம் இருக்கு, தமிழ் பட புத்தகத்துல இல்ல. அதைப் பத்திதான் எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

போன மாசம் ஒரு ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் ஒரு தமிழ் புக் படிச்சிட்டிருந்தோம். அப்பா வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்ற பக்கம். அப்பாவுக்கு நல்ல அடர்த்தியா மீசை, அம்மா பொட்டு வச்சு மல்லிப்பூ வச்சு புடவைல நிக்கறாங்க, பின்னாடி ஊஞ்சல்ல தாத்தா பாட்டி. அழகான படம்தான், குறையே சொல்ல மாட்டேன். மக மட்டும் பக்கத்தைத் திருப்ப விடாம அந்த மீசை மேலயே விரலை வச்சுகிட்டு, "அம்மா, அப்பா இங்கிலீஷ் புக்ல இருக்காரு, சைனீஸ் புக்ல இருக்காரு, தமிழ் புக்ல மட்டும் ஏன் வரவே மாட்டேங்கறாரு?"ன்னா. எனக்கு சட்டுனு பதில் வரல. மறுநாள் பாத்தா அந்த மீசை மேல பாலர் பள்ளில குடுத்த மஞ்சள் நட்சத்திர ஸ்டிக்கரை ஒட்டி வச்சிருக்கா, அதோட ஓரம் தூக்காம இருக்க நகத்தால தேச்சுத் தேச்சு பேப்பரே மழுங்கிப் போயிருக்கு. "இப்ப இது அப்பா"ங்கறா.

நான் அன்னைக்குத்தான் யோசிச்சேன், இது வெறும் படத்து விஷயம் இல்லன்னு. ஒரு இங்கிலீஷ் புக்ல அவ குடும்பம் இல்லன்னா அந்த ஒரு புக்ல இல்ல, அவ்வளவுதான், அடுத்த புக்ல இருக்கும். தமிழ் புக்ல இல்லன்னா பிள்ளை வேற மாதிரி கணக்குப் போடுது, தமிழ்ங்கறது இந்த மாதிரி மூஞ்சி இருக்கறவங்களுக்கு மட்டும்தான் போலருக்கு, நான் பாதிதான், அப்ப எனக்குப் பாதிதான்னு. அடுத்த வருஷம் தொடக்கநிலை ஒண்ணு போறா, தாய்மொழி பாடத்துக்கு நாங்க தமிழ் எடுத்திருக்கோம், சீனம் எடுத்தா வேலைக்கு உதவுமேன்னு ரெண்டு பக்கத்து சொந்தக்காரங்களும் சொன்னாங்க, எங்க அண்ணனே சொன்னான், நாங்க கேக்கல. தமிழ்க் குடும்பத்துலயே பிள்ளைங்க வீட்ல இங்கிலீஷ்தான் பேசுதுன்னு நாம எல்லா மேடையிலயும் கவலைப்படறோமே, தமிழை விரும்பி எடுத்துட்டு வர்ற ஒரு பிள்ளைக்கு அந்த மொழியோட புக்ல உக்கார ஒரு நாற்காலி போடறது அவ்வளவு கஷ்டமா?

இது ஏதோ இன்னைக்கு நேத்து வந்த ஃபேஷன் மாதிரி சிலர் பேசறாங்க, அது எனக்குப் புரியவே இல்ல. மலாக்கா செட்டிங்க யாரு? சுல்தான் காலத்துல, 15ஆம் நூற்றாண்டுல, வியாபாரத்துக்கு வந்த தமிழங்க அந்த ஊர்ப் பொண்ணுங்களைக் கட்டி உண்டான சமூகம். பேசறது மலாய், கும்பிடறது நம்ம சாமி, பொம்பளைங்க உடுத்தறது சாரோங் கெபாயா, போகிக்கு முன்னோருக்குப் படையல் போட்டு அதை "பார்ச்சு"ங்கறாங்க. ஐந்நூறு வருஷத்துக்கும் மேல. தமிழ் முஸ்லிம்களும் மலாய்க்காரங்களும் கலந்து வந்த ஜாவி பெரானாக்கான் ஆளுங்கதான் 1876ல சிங்கப்பூர்லயே ஒரு மலாய்ப் பத்திரிகை நடத்தினாங்க. அதை விடுங்க, பழைய ஆளுங்க வீட்ல கேட்டுப் பாருங்க, வறுமையில சீனக் குடும்பங்க குடுத்துட்ட பெண் குழந்தைங்களைத் தமிழ்க் குடும்பங்க எடுத்து வளத்த கதை எத்தனை இருக்குன்னு. எங்க பாட்டி வீட்டுக்கு ரெண்டு கதவு தள்ளி அப்படி ஒரு அம்மா இருந்தாங்க, மூஞ்சி சீன மூஞ்சி, வாயத் தொறந்தா தஞ்சாவூர்த் தமிழ், மாரியம்மன் கோயில் தீமிதிக்கு விரதம் இருப்பாங்க. அந்த அம்மாவை எந்தப் பிள்ளைங்க புக்லயும் நான் பாத்ததில்ல.

1958ல அமெரிக்கால ஒரு வெள்ளை முயலும் ஒரு கறுப்பு முயலும் கல்யாணம் பண்ணிக்கற மாதிரி ஒரு பட புத்தகம் வந்துச்சு, அதுக்கே அலபாமா மாநிலத்து அரசியல்வாதிங்க லைப்ரரில அதை வைக்கக் கூடாதுன்னு சண்டைக்கு வந்தாங்க. அங்க இனம் விட்டு இனம் கல்யாணம் பண்றதைத் தடுக்கற சட்டமே பல மாநிலத்துல இருந்துச்சு, 1967லதான் சுப்ரீம் கோர்ட் அதைத் தூக்குச்சு. நம்ம ஊர்ல அப்படி சட்டமும் இல்ல, யாரும் சண்டைக்கும் வரல. அப்புறம் எதுக்கு நாமளா ஒதுங்கி நிக்கணும்?

சும்மா கேக்கலங்க, நானே ஒண்ணு எழுதி ஒரு பதிப்பகத்துக்குக் குடுத்தேன். ஒரு பிள்ளை மழைல செருப்பைத் தொலைச்சிட்டுத் தேடுது, அவ்வளவுதான் கதை, அந்தப் பிள்ளையோட அப்பா சீனர். திருப்பி அனுப்பினப்ப ரெண்டு விஷயம் கேட்டாங்க, இதுல நம்ம கலாச்சாரம் எங்க இருக்கு, அப்பா சீனரா இருந்தா கதைல இன நல்லிணக்கம் பத்தி ஒரு கருத்து வர வேணாமான்னு. மரியாதையாதான் கேட்டாங்க, ஆனா எனக்கு மனசு ரொம்ப வலிச்சுது. மீசை வச்ச அப்பா செருப்பு தேடினா அது கதை, என் வீட்டுக்காரர் தேடினா பாடமா? எங்க பிள்ளைங்களை ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்கு மட்டும் வெளிய எடுக்கற பொம்மையாக்காதீங்க. அன்னைக்கே பாவம் அதுங்களுக்குப் பெரிய பாடு, பள்ளிக்குப் போட்டுப் போக நம்ம பாவாடை சட்டையா, சீன கவுன் சியோங்சாமான்னு ரெண்டு பாட்டிங்களும் தனித்தனியா வாங்கி வச்சிட்டு மூஞ்சியைப் பாக்கறாங்க.

கலாச்சாரம் எங்கன்னு கேட்டீங்கல்ல, எங்க சமையக்கட்டுக்கு வாங்க. 2023ல பொங்கல் முடிஞ்ச ஒரே வாரத்துல, ஜனவரி 22 அன்னைக்கு சீனப் புத்தாண்டு. லிட்டில் இந்தியா தேக்கா சந்தைல வாங்கின கரும்பு இன்னும் கதவோரம் சாய்ஞ்சிருக்கு. என் மாமியார் வந்து பாத்துட்டு, இதை வெட்டாதே, வைனு சைகை காட்டினாங்க. ஹொக்கியன் வீட்ல புத்தாண்டோட எட்டாம் நாள் ராத்திரி பன்னெண்டு மணிக்கு தீ கோங், அதாவது மேலோகத்து ராஜாவோட பிறந்த நாளுக்கு மேசை போட்டு கும்பிடுவாங்க, மேசைக்கு ரெண்டு பக்கமும் தோகையோட முழுக் கரும்பு கட்டணும். அந்தக் காலத்துல எதிரிங்க துரத்தறப்ப ஹொக்கியன் ஆளுங்க கரும்புக் காட்டுக்குள்ள ஒளிஞ்சு தப்பிச்சாங்களாம், ஒன்பதாம் நாள் வெளிய வந்தாங்களாம். அவங்க பேச்சுல கரும்புக்கு "கம் சியா"ம்பாங்க, நன்றிக்கும் கிட்டத்தட்ட அதே சத்தம். எங்கம்மா இதைக் கேட்டுட்டு எந்திரிச்சுப் போய் மஞ்சள் கொத்தை எடுத்துட்டு வந்து, இதையும் சேத்துக் கட்டுன்னாங்க. பொங்கக் கரும்பு தோகை வாடிப் போச்சுன்னு மாமியார் புதுசா ரெண்டு வாங்கினாங்க, பழசை மக கடிச்சுத் துப்பிட்டா. இதுல வரைய பன்னெண்டு பக்கம் இல்லையா சொல்லுங்க?

இன்னொண்ணு, உறவு முறை வார்த்தைங்க. மக அவ அப்பாவோட அம்மாவை "ஆமா"ம்பா, ஹொக்கியன்ல அப்பத்தாவுக்கு அதுதான். அவ "ஆமா!"ன்னு கூப்பிட்டா உள்ளேருந்து எங்கம்மா "எதுக்குடி ஆமாங்கறே?"ன்னு கேப்பாங்க, தினம் நடக்கற கூத்து இது. அந்த வார்த்தையைத் தமிழ் எழுத்துல அப்படியே அச்சடிங்க, கீழ விளக்கம் போடாதீங்க, பாட்டின்னு மாத்தாதீங்க. பிள்ளைக்குப் படத்தைப் பாத்தாலே புரிஞ்சிடும்.

வரையிறவங்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். வெளிநாட்டு இங்கிலீஷ் புக்ல வர்ற கலப்புக் குடும்பத்தை அப்படியே காப்பி பண்ணாதீங்க, அது பெரும்பாலும் கறுப்பு-வெள்ளைக் கதை, நம்ம ஊர்க் கலப்பே வேற. எங்க மக என்னை விடக் கறுப்பு, அவ சித்தப்பா பையன் முழுச் சீனன், ரெண்டு பேரும் கொள்ளுத் தாத்தா ஜாடைல ஒரே மாதிரி சிரிப்பாங்க. பாலும் டீத்தூளும் கலந்த மாதிரி ஒரே கலர்ல எல்லாப் பிள்ளையையும் அடிச்சு விட்டுடாதீங்க. அப்பா தமிழ், அம்மா பிலிப்பினோன்னு ஒரு வீடு எங்க பிளாக்லயே இருக்கு, அப்பா மலாய், அம்மா தமிழ் முஸ்லிம்னு கீழ் மாடில ஒண்ணு. அவங்களையும் போய்ப் பாருங்க.

அடுத்த பொங்கலுக்கு யாராவது ஓவியர் எங்க வீட்டுக்கு வர்றதா இருந்தா சொல்லுங்க. பால் பொங்கறது காலைலயே முடிஞ்சிடும், ஆனா அப்புறம் சீனப் புத்தாண்டுல தீ கோங் மேசைக்கும் வரணும்னா ராத்திரி கண்ணு முழிக்கணும். கரும்பை எப்படி நிறுத்திக் கட்டணும்னு ஆமா ஹொக்கியன்ல சொல்லுவாங்க, மக உங்களுக்குத் தமிழ்ல சொல்லுவா.