நாசரேத்துக்குப் போய் வந்தேன்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள மக்கா,

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் நிம்மதியானது. கொஞ்ச நாள் மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல். கேட்கமாட்டார்கள், இருந்தாலும் சொல்.

இங்கே மகன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். சாயங்காலமானால் வீடு வெறிச்சென்று இருக்கிறது. என் மனைவியைப் பாடச் சொல்லிக் கேட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று. இப்போது அவளாகவே சமையலறையில் பாடுகிறாள். கூட வாசிக்க ஒரு கிட்டார் வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

பழையது என்ன ஆனது என்று கேட்டிருந்தாய். இங்கு வந்த முதல் குளிர்காலத்தில் அதைப் பெட்டியில் வைக்காமல் சுவரில் மாட்டியிருந்தேன். கிட்டார் மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் வேண்டும். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று அதைவிட மிகவும் வறண்டுபோகும். ஜனவரியில் ஒரு நாள் காலையில் பார்த்தால் மேல்பலகை, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. அதன் பிறகு கிட்டாரைத் தொடவே மனம் வரவில்லை.

சரி, இந்த முறை பெரிய உடம்புள்ள கிட்டார்தான் என்று முடிவு செய்தேன். காரணம் உனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போகும் கேரல் ரவுண்ட்ஸில் இருபது பேர் பாடும்போது நம் சின்னக் கிட்டாரின் சத்தம் எங்கே போனது என்றே தெரியாது. கை சிவக்க அடித்தும் எடுபடாது. அந்த ஏக்கம் எனக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

பென்சில்வேனியாவிலும் ஒரு நாசரேத் இருக்கிறது என்று முன்பே சொல்லியிருக்கிறேன். நம் ஊர் நாசரேத்துக்குப் போலவே அதற்கும் பெயர் வேதாகமத்திலிருந்துதான். கிட்டார் செய்யும் மார்ட்டின் குடும்பம் 1830களின் இறுதியில் நியூயார்க்கை விட்டு அங்கே போனது; இன்றும் அங்கே கிட்டார் செய்கிறார்கள். போன சனிக்கிழமை இரண்டு பேரும் காரில் போனோம். மார்ட்டின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருப்பவற்றைப் பார்த்துவிட்டு, வெளியே மாட்டியிருப்பவற்றை எடுத்து வாசிக்கலாம்.

நான் தேடிய பெரிய உடம்புக்கு 'ட்ரெட்நாட்' என்று பெயர்; அது 1906இல் கடலில் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர். பாஸ்டனிலிருந்த டிட்சன் என்ற இசைக்கருவி நிறுவனத்துக்காக மார்ட்டின் 1916இல் செய்த பெரிய கிட்டாருக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். மார்ட்டின் தங்கள் பெயரிலேயே விற்கத் தொடங்கியது 1931இல். அகன்ற தோள், அதிகம் ஒடுங்காத இடுப்பு, கீழ்ப்பகுதி 15⅝ அங்குல அகலம். நம் ஊர்க் கடைகளில் தொங்கும் கிட்டார்களில் பலவும் இந்த உருவத்தின் நகல்தான்.

முதலில் அந்த உருவத்தில் வரும் டி-28 மாடலை எடுத்தேன். அதன் முதுகும் பக்கங்களும் என்ன மரம் தெரியுமா? ஈட்டி மரம், ரோஸ்வுட். பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானதும் 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறினார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே மரம், உங்கள் முன்னறையில் கிடக்கும் தாத்தாவின் நாற்காலி மரம். முதுகைத் திருப்பி அந்தக் கருஞ்சிவப்பு ரேகைகளைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு ஜி கார்டு அடித்தேன். தடித்த கம்பிகளின் முழக்கம் நெஞ்சில் வந்து இடித்தது. கையை எடுத்த பிறகும் ஒலி அடங்கவே இல்லை. அந்த நிமிடமே வாங்கியிருப்பேன்.

அவள்தான் டி-18ஐயும் எடுக்கச் சொன்னாள். அதே உருவம், அதே ஸ்ப்ரூஸ் மேல்பலகை, முதுகு மட்டும் மஹோகனி. முழக்கம் குறைவு, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறது, சட்டென்று அடங்குகிறது. இரண்டிலும் ஒரே பாட்டை, மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு வாசித்தேன். அவள் மெதுவாகப் பாடினாள். முடிந்ததும், "இதில் நான் குரலை உயர்த்தவே வேண்டியதில்லை" என்றாள். மஹோகனியைச் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுநாள் எங்கள் ஊர்க் கடையில் கிப்சன் என்ற இன்னொரு கம்பெனியின் கிட்டார்களையும் பார்த்தோம். ஜே-200 எல்லாவற்றையும்விடப் பெரியது, 17 அங்குல அகலம். 1930களின் கடைசியில் கௌபாய் பாடகர்களுக்காக வந்த உருவம். இடிபோல முழங்கும் என்று நினைத்து அடித்தேன். அப்படி இல்லை. மேப்பிள் முதுகு என்பதால் ஒலி அளவாக, வெட்டிவிட்டதுபோல நிற்கிறது. தாளம் தட்டுவதுபோல் ஸ்ட்ரம் செய்ய அருமை. பெரிய உடம்பு என்றால் கனத்த ஒலி என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன், அது தவறு. ஆனால் அதன்மேல் கையைப் போட்டு அரை மணி நேரம் வாசித்ததும் தோள் வலித்தது. விலையும் ஐயாயிரம் டாலருக்கு மேல்.

கிப்சனின் ஜே-45 பற்றி உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும். 1942இல் வந்தது, சரிந்த தோள், மஹோகனி முதுகு. கம்பி நீளம் 24¾ அங்குலம்தான்; மார்ட்டினில் 25.4. அந்த அரை அங்குலச் சொச்சத்துக்கே கம்பி எவ்வளவு இளகிப்போகிறது! ஐம்பது வயது விரலுக்கு அது பெரிய உதவி. ஒரே விரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்கவைத்து அழுத்தும் பார் கார்டு வலிக்காமல் விழுகிறது. ஒலி கதகதப்பாக இருக்கிறது, ஆனால் மெதுவாக விரலால் மீட்டும்போது டி-18இல் கேட்ட தெளிவு இதில் இல்லை.

அதனால் இப்போது டி-18 பக்கம் சாய்ந்திருக்கிறேன். ஈட்டி மரத்தை விட்டுவர மனம் இல்லாததால்தான் இன்னும் பணம் கட்டவில்லை.

டி-28, டி-18, ஜே-45 மூன்றிலும் அவள் பாட நான் வாசித்ததைத் தனித்தனியாகப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். எண் மட்டும் போட்டிருக்கிறேன், எது எதுவென்று எழுதவில்லை. போன் ஸ்பீக்கரில் கேட்காதே, தடித்த கம்பி கேட்காது; இயர்போன் போட்டுக்கொள். அவள் குரல் எதில் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல். அம்மாவையும் கேட்கச் சொல், அப்புறம் இரண்டு பேரும் எண்ணை எழுதி அனுப்புங்கள். சனிக்கிழமை கடைக்குப் போகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கேரல் கூட்டாளி