எம்.ஏ.எல். என்னும் மூன்று எழுத்துகள்

மைன்ஸ், ஜெர்மனி,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்தது என் தவறுதான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். கோமதிக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே அனைவரும் நலம். இனி விஷயத்துக்கு வருகிறேன், இதை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

சென்ற வாரம் பழைய கார் ஒன்று வாங்கினேன். ஹூண்டாய் ஐ20, 2009-ஆம் ஆண்டு வண்டி. விற்றவர் கீழ்வீட்டுப் பெரியவர், ஓப்பல் என்ற ஜெர்மன் கார் கம்பெனியின் ஆலையில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். "பெயர்தான் கொரியப் பெயர், இதை வரைந்தது ரூசல்ஸ்ஹைமில் இருக்கும் ஹூண்டாய் அலுவலகத்தில், ஆகவே இது ஜெர்மன் கார்" என்று அடித்துச் சொன்னார். ரூசல்ஸ்ஹைம் இங்கிருந்து ரயிலில் கால் மணி நேரம். நானும் தலையாட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன். காப்பீட்டுப் படிவத்தை நிரப்புவதற்காகக் கதவைத் திறந்து, தூணில் இருந்த தகட்டின் தூசியைத் துடைத்துப் படித்தபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. பதினேழு இலக்கச் சேசிஸ் நம்பர், தொடக்கத்தில் எம்.ஏ.எல். கொரியாவில் செய்திருந்தால் 'கே' என்றும் ஜெர்மனியில் செய்திருந்தால் 'டபிள்யூ' என்றும் தொடங்கியிருக்க வேண்டும். எம்.ஏ. என்றால் இந்தியா, எல்லும் சேர்ந்தால் ஹூண்டாயின் இருங்காட்டுக்கோட்டை ஆலை! பெருங்களத்தூரில் பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய இடத்தில் பூட்டப்பட்டு, கப்பலேறி, எனக்கு முன்பே இந்த நாட்டில் குடியேறிய வண்டி இது.

நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. ஸ்டேஷன் டீக்கடையில் உன் அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் எந்த ஊர்க் கார் என்று நாம் போட்ட சண்டையும், அந்தப் பஜ்ஜிப் பந்தயமும் உனக்கு மறந்திருக்காது. வண்டலூரில் செய்ததால் அது மெட்ராஸ் கார் என்றாய் நீ. இங்கிலாந்தின் கோவென்ட்ரிக் கம்பெனியின் வண்டி, அதையும் வரைந்தவர் மிக்கலாட்டி என்ற இத்தாலியர், நாம் வெறுமனே திருகாணி முடுக்கினோம் என்றேன் நான். இந்தத் தகட்டைப் பார்த்ததும் நீதான் வென்றாய் என்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கடை வாசலில் இதே முகமும் இதே விளக்கும் கொண்ட சிவப்பு ஐ20 ஒன்று நின்றது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன் (திருடன் என்று நினைத்திருப்பார்கள்), நம்பர் என்.எல்.எச். என்று தொடங்கியது. ஐரோப்பாவுக்கான ஐ20-ஐ 2010-இல் துருக்கியின் இஸ்மித் ஆலைக்கு மாற்றிவிட்டார்கள். வரைபடம் ஒன்று, பிறந்த ஊர் இரண்டு. வரைந்த ஊர்தான் கணக்கு என்றால் இரண்டும் ஜெர்மன். பூட்டிய ஊர் கணக்கு என்றால் ஒன்று நம்மூர்க்காரி, மற்றது துருக்கிக்காரி. முடிவெடுத்த இடம் கணக்கு என்றால் இரண்டுமே கொரியா. அமெரிக்கச் சட்டத்துக்கே இதில் ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. உதிரிபாகங்களில் எத்தனை விழுக்காடு உள்நாட்டுச் சரக்கு, இறுதியாகப் பூட்டிய நாடு எது, எஞ்சின் எந்த நாடு, கியர்பாக்ஸ் எந்த நாடு என்று தனித்தனியாகப் புதிய கார்களில் ஒட்டச் சொல்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. எங்கே பூட்டுவது என்பதை ஒரு கையெழுத்தில் மாற்றிவிடலாம். அமெரிக்காவுக்கே எக்கோஸ்போர்ட் கார்களை அனுப்பிக்கொண்டிருந்த மறைமலை நகர் ஆலையை நிறுத்துவதாக ஃபோர்டு 2021-இல் அறிவித்தபோது, அங்கிருந்த கைகளின் தேர்ச்சியை யார் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்? அம்பாசடரைப் பார். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற இங்கிலாந்துக் காரின் அச்சு அசல் பிரதியாகத்தான் வந்தது. ஆனால் இங்கிலாந்து அதைக் கைவிட்ட பிறகும் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் அதன் உற்பத்தி ஓடிக்கொண்டிருந்தது. அதில் எதை மாற்றுவது, எதை அப்படியே விடுவது என்று சொல்ல வேறு யாருமே மிச்சமில்லை என்ற நிலை வந்தபோது அது நம்முடையதாகிவிட்டது. (அந்தப் பெயரை 2017-இல் எண்பது கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சுக்காரர்களின் பெஜோ வாங்கிவிட்டது. இதற்கு மட்டும் சிரிக்காதே.)

அதனால் பந்தயத்தில் தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நீ சொன்ன காரணத்துக்காக அல்ல. இங்கிலாந்தில் வந்த ஹெரால்டுக்கு இரண்டு கதவுகள்தாம். நாலு கதவு வைத்த ஹெரால்டு நம் நாட்டில் மட்டும்தான் வந்தது. பாட்டி புடவையைச் சுருட்டிக்கொண்டு முன்சீட்டைத் தாண்டிப் பின்னால் போக வேண்டாம் என்று யாரோ இங்கே முடிவெடுத்திருக்கிறார்கள் அல்லவா? கூடுதலாக வைத்த அந்த இரண்டு கதவுகளால் அது மெட்ராஸ் கார். என் ஐ20-இன் விளக்கை ஒரு விரற்கடை நகர்த்தலாமா என்று இருங்காட்டுக்கோட்டையில் பூட்டியவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆகவே இதைப் பந்தயத்தில் சேர்க்காதே.

கீழ்வீட்டுப் பெரியவரிடம் தகட்டைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, ஓப்பலும் 1929 முதல் அமெரிக்க முதலாளியிடம்தானே இருந்தது, அதற்காகத் தாம் செய்தது அமெரிக்கக் காராகிவிடுமா என்று கோபித்துக்கொண்டார். இன்னும் பேச்சு ஓயவில்லை.

பஜ்ஜியை டிசம்பரில் வரும்போது தீர்த்துவிடுகிறேன். ஒன்று மட்டும் எழுது: உன் அப்பாவின் ஹெரால்டில் பானட்டைத் தூக்கினால் தெரியுமே, அந்தத் தகட்டில் எந்த ஊர் பொறித்திருந்தது?

அன்புடன்,
ரகு