ஏய்ன்ட்ரீக்குப் போக முன் இதை வாசி

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்து, வேலை இடத்து ஆட்களோடு லிவர்பூல் ஏய்ன்ட்ரீ மைதானத்தில் கிராண்ட் நேஷனல் குதிரை ஓட்டம் பார்க்கப் போகிறேன், எந்தக் குதிரையில் காசு கட்டலாம், ஒரு பேர் சொல்லுங்கோ அப்பா என்று கேட்டாய். அம்மா பக்கத்தில் நின்றா, அதனால் பிறகு கதைப்போம் என்று வைத்துவிட்டேன். உண்மையில் எனக்குச் சந்தோசம். 22 வருடம் லண்டன் டூட்டிங்கில் பந்தயக் காசு கட்டுகிற ஒரு பெட்டிங் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன், அந்த வேலையைப் பற்றி நீ என்னிடம் கேட்டது இதுதான் முதல் தடவை. உன்னுடைய பள்ளிக்கூடப் படிவங்களில் "கடை வேலை" என்று மட்டும்தான் எழுதுவோம், என்ன கடை என்று எழுத அம்மா விடமாட்டா. சரி, இப்ப நீயே கேட்டுவிட்டாய், அதனால் ஒரு பேரை மட்டும் சொல்லி உன்னை அனுப்ப மனமில்லை. எப்படிப் பார்ப்பது என்று எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் இது என்ன ஓட்டம் என்று பார். நாலு மைல் இரண்டரை பேர்லாங், கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர். இரண்டு சுற்று, 30 தடை. 1839-இலிருந்து ஓடுகிறார்கள். முந்தி 40 குதிரை ஓடும், 2024-இலிருந்து 34-தான். கடைசித் தடையைத் தாண்டிய பிறகும் 494 யார் வெறும் புல், அதில்தான் கனக்கக் குதிரைகளின் கால் சோர்ந்துபோகும். சாதாரண மூன்று மைல் ஓட்டத்தில் வென்ற குதிரை இங்கே மூன்றேகால் மைல் வரை அழகாக வந்து, அதற்குப் பிறகு நடக்கத் தொடங்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆகவே பட்டியலை எடுத்ததும் நீ கேட்கவேண்டிய முதல் கேள்வி, இது தூரம் தாங்குமா என்பது. ஐரிஷ் நேஷனல், வெல்ஷ் நேஷனல், ஸ்கொட்டிஷ் நேஷனல் போன்ற நீண்ட ஓட்டங்களில் முன்னுக்கு வந்திருக்கிறதா என்று பார். அப்படி ஒன்றும் இல்லாமல் வெறும் வேகத்தால் பேர் எடுத்த குதிரையை, விலை எவ்வளவு ஆசை காட்டினாலும், நான் பேனையால் வெட்டிவிடுவேன்.

அடுத்தது பாரம். இதை விளங்கிக்கொண்டால் பாதி விளங்கின மாதிரி. இது ஹண்டிகேப் ஓட்டம், அதாவது நல்ல குதிரைக்குக் கூடப் பாரம், மட்டமான குதிரைக்குக் குறைந்த பாரம். ஒவ்வொரு குதிரைக்கும் அதிகாரபூர்வமாக ஒரு மதிப்பெண் இருக்கும், ஒரு புள்ளிக்கு ஒரு இறாத்தல். ஆக உயர்ந்த குதிரை 11 ஸ்டோன் 12 இறாத்தல் சுமக்கும் (ஒரு ஸ்டோன் 14 இறாத்தல்), மற்றவை அதிலிருந்து இறங்கிக்கொண்டே போகும். ஏறி ஓட்டுகிற ஜொக்கியின் உடம்பும் சேணமும் அந்தப் பாரத்துக்குப் போதாவிட்டால் சேணத்துக்குக் கீழே உள்ள துணியின் பைகளில் ஈயத் தகடு செருகுவார்கள்.

பாரம் என்ன செய்யும் என்று தெரிய, 1973 ஓட்டத்தின் வீடியோவை இன்றைக்கு இரவே தேடிப் பார். கிரிஸ்ப் என்ற குதிரை 12 ஸ்டோன் சுமந்துகொண்டு கன நேரம் தனியாக ஓடும், மற்றக் குதிரைகளைப் படத்தில் தேடவேண்டும், அவ்வளவு தூரம் முன்னுக்கு. அதற்குப் பின்னால் ரெட் ரம், 10 ஸ்டோன் 5 இறாத்தல். வித்தியாசம் 23 இறாத்தல், பத்தரைக் கிலோ மட்டில். நம்முடைய சின்னவன் ஒரு வயதில் இருந்த எடை அது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ ரயிலுக்கு ஓடின நாளை நினைத்துப் பார், தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது, படி ஏறும்போதுதான் தெரியும். கிரிஸ்ப்புக்கும் அதுதான் நடந்தது. கடைசித் தடை தாண்டியதும் நேராக ஓட முடியாமல் அது ஒருபக்கமாகச் சரியும், ஜொக்கி சவுக்கை எடுப்பான், குதிரையின் தலை ஆடும், பின்னால் ரெட் ரம் ஒரே சீராக வந்துகொண்டே இருக்கும், கோட்டுக்குச் சில அடிக்கு முன்னால் பிடித்துவிடும். முக்கால் குதிரை நீளம்தான். இரண்டுமே பழைய சாதனை நேரத்தை உடைத்து ஓடின, வென்றது பாரம் குறைந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும். ரெட் ரம் பிறகு 1974-இல் அதே 12 ஸ்டோனைத் தானே சுமந்து வென்றது, 1977-இல் மூன்றாவது தடவையும் வென்றது. ஏய்ன்ட்ரீயில் வெற்றிக் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் அதைப் புதைத்திருக்கிறார்கள். அங்கே போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வா, அப்பாவுக்காக.

இனி, கடைக்கு வருகிற பழைய ஆட்கள் சொல்கிற கணக்கு ஒன்று இருக்கு, உன் வேலை இடத்திலும் யாராவது சொல்வார்கள்: 11 ஸ்டோனுக்கு மேல் சுமக்கிற குதிரையைத் தொடாதே, வயது வந்த அனுபவக் குதிரையைப் பார் என்று. அது ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. 1983-இல் கோர்பியர் 11-4, அதாவது 11 ஸ்டோன் 4 இறாத்தல், சுமந்து வென்ற பிறகு, 2005-இல் ஹெட்ஜ்ஹண்டர் 11-1-ஓடு வரும்வரை 11 ஸ்டோனுக்கு மேல் சுமந்த ஒரு குதிரையும் வெல்லவில்லை. நானும் அந்தக் கணக்கை வைத்துத்தான் பழகினேன். இப்போது அது செல்லாது. 2013-இலிருந்து தடைகளின் உள்ளே இருந்த மரத்தை எடுத்துவிட்டு வளைகிற பொருளை வைத்தார்கள், குதிரை தவறி இடித்தாலும் தப்பிப்போகும். 2024 ஓட்டத்தில் ஒரு குதிரைகூட விழவில்லை, முந்தி நான் கவுண்டரில் நின்ற காலத்தில் இதைச் சொன்னால் ஆரும் நம்பியிருக்க மாட்டார்கள். விழுவது குறைந்தால் அதிர்ஷ்டத்துக்கு இடம் குறையும், தரமான குதிரைக்கு வாய்ப்புக் கூடும். டைகர் ரோல் 2019-இல் 11-5, ஐ ஆம் மக்ஸிமஸ் 2024-இல் 11-6, நிக் ரொக்கெட் 2025-இல் 11-8. வயதையும் பார்: 2015-இலிருந்து 2025 வரை வென்றவை எல்லாம் ஏழிலிருந்து ஒன்பது வயதுக்குள். பதினொரு வயதுக் குதிரை ஒன்றை யாராவது பாசத்தோடு காட்டினால் கேட்டுக்கொண்டிரு, காசு கட்டாதே.

இப்போது நான் மிக விரும்புகிற இடம். பாரப் பட்டியல் பெப்ரவரியில் வந்துவிடும், ஓட்டம் ஏப்ரலில். இடையில் ஒரு குதிரை பெரிய ஓட்டம் ஒன்றை வென்றாலும் நேஷனலுக்கான அதன் பாரத்தைக் கூட்டமாட்டார்கள். அதாவது, பெப்ரவரியில் அளந்த சட்டையோடு வளர்ந்த பிள்ளை வருகிறது. 2023-இல் கொராக் ரம்ப்ளர் அப்படித்தான், பாரம் அறிவித்த பிறகு மார்ச்சில் செல்டனம் விழாவில் அல்டிமா ஓட்டத்தை இரண்டாவது வருடமாக வென்றது, நேஷனலுக்குப் பழைய பாரமே, 8-க்கு 1 விலையில் (ஒரு பவுண் கட்டினால் எட்டு லாபம்) ஃபேவரிட்டாக, அதாவது ஆகக் குறைந்த விலைக் குதிரையாக, வந்து வென்றது. ஆகவே ஒவ்வொரு குதிரையும் பெப்ரவரி நடுப்பகுதிக்குப் பிறகு என்ன செய்தது என்று தனியாக ஒரு கொப்பியில் எழுது. இதைச் செய்கிற பொறுமை கடைக்கு வருகிற நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இருந்ததில்லை.

பேருக்கு முன்னால் இருக்கிற எண்கள் அதன் பழைய ஓட்டங்கள், வலது பக்கத்துக் கடைசி எண்தான் ஆகப் புதியது. எஃப் என்றால் விழுந்தது, யூ என்றால் ஜொக்கியைத் தள்ளிவிட்டது, பி என்றால் பாதியில் நிறுத்தினார்கள். ஒரு பி-க்காகப் பயப்படாதே, நிலம் பொருந்தாமல் நிறுத்தியிருக்கலாம். ஒரே வருடத்தில் இரண்டு எஃப் இருந்தால் எனக்குப் பிடிக்காது. நிலம் ஈரமா காய்ந்ததா என்பதையும் சனி காலை பார். 2001-இல் சேறு எந்த அளவுக்கு இருந்தது என்றால் நாலே நாலு குதிரைதான் முடித்தன, அதிலும் இரண்டின் ஜொக்கிமார் விழுந்து திரும்ப ஏறி வந்தவர்கள்.

சரி, விலை. எது வெல்லும் என்று மட்டும் யோசிக்காதே, எதற்குத் தகுதிக்கு மேல் விலை தருகிறார்கள் என்று யோசி. 7-க்கு 1 என்றால் எட்டில் ஒரு வாய்ப்பு என்று பந்தயக் காசு வாங்குகிற புக்கி சொல்கிறான். 33-க்கு 1 என்றால் 34-இல் ஒன்று. ஓடுவதே 34 குதிரை என்றால், கண்ணை மூடிக்கொண்டு தொடுகிற குதிரைக்கும் அந்த வாய்ப்பு உண்டு, அல்லவா? 2025-இல் நிக் ரொக்கெட்டை அந்த 33-க்கு 1-இல்தான் விட்டிருந்தார்கள். அதுவோ ஜனவரியில் தயெஸ்டிஸ் ஓட்டத்தை வென்று, பாரம் வந்த பிறகு பெப்ரவரியில் பொபிஜோ ஓட்டத்தையும் வென்ற குதிரை. முந்திய வருடம் ஐ ஆம் மக்ஸிமஸும் அதே பொபிஜோவை வென்றுவிட்டுத்தான் நேஷனலுக்கு வந்தது. இதெல்லாம் என் கொப்பியில் இருந்தது. ஆனாலும் ஏறுகிறவர் பட்ரிக் மல்லின்ஸ், அமெச்சூர் ஜொக்கி, தொழிலாக ஏறாதவர், என்ற ஒரே காரணத்துக்காக அதை வெட்டிவிட்டேன். 2022-இல் நோபிள் யேட்ஸில் வென்றவரும் அமெச்சூர்தான், அதையும் மறந்தேன். கோட்டைத் தாண்டிய பிறகு, பயிற்சியாளரான தகப்பன் வில்லி மல்லின்ஸ் டிவியில் பேச முடியாமல் அழுதார், மகன் வென்றுவிட்டானே. முதல் மூன்று குதிரையுமே அவருடையவை, ஆனால் அழுதது மகனுக்காக. அதைப் பார்த்ததும் எனக்குக் காசு போன எண்ணம் வரவில்லை.

உனக்கு நான் சொல்வது ஈச் வே. இரண்டு பவுண் ஈச் வே என்றால் நாலு பவுண் கட்டவேண்டும், இரண்டு வெற்றிக்கு, இரண்டு இடத்துக்கு, அதாவது முதல் சில குதிரைகளுக்குள் வந்தாலும் விலையில் ஒரு பங்கு கிடைக்கும். பொதுவாக நாலு இடம், நேஷனலுக்கு ஐந்து ஆறு என்று கூட்டித் தருவார்கள், ஆனால் கால் பங்கு விலையா ஐந்தில் ஒரு பங்கா என்று கேட்டுவிட்டுக் கட்டு. 20-க்கு 1 குதிரை மூன்றாவதாக வந்தால், ஐந்தில் ஒரு பங்கில் உனக்குத் திரும்புவது பத்துப் பவுண், கால் பங்கில் பன்னிரண்டு. வியாழனுக்கு முன் கட்டினால், குதிரை ஓடாவிட்டால் காசு திரும்புமா என்றும் கேள்.

2009-இல் எங்கள் கடைக்கு வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் வருகிற வயதான அம்மா ஒருவர் இருந்தார், கண் சரியாகத் தெரியாது, பந்தயத் துண்டை நான்தான் எழுதிக் கொடுப்பேன். ஐம்பது பென்ஸ் ஈச் வே, மொன் மோம். 100-க்கு 1-இல் அது வென்றது. ஓட்டம் முடிந்து ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் வந்தார், வென்றதே தெரியாது. 63 பவுண் 50 பென்ஸை நான் அவர் கையில் எண்ணி வைத்தபோது அந்தத் துண்டைத் திருப்பித் தரமுடியுமா என்று கேட்டார். தரமுடியாது, கடை விதி. அதனால் அதே மாதிரி இன்னொரு துண்டில் அதே எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அந்த நாளில் வேறு ஆட்களையும் பார்த்தேன், பிள்ளை. நேஷனலில் விட்டதை அடுத்த ஓட்டத்தில் பிடிக்கிறேன் என்று கடை பூட்டும்வரை நிற்கிறவர்கள். நானும் லண்டனுக்கு வந்த இரண்டாம் வருடம், கூட வேலை செய்த ஒருவன் உறுதி என்று சொன்ன குதிரையில் அறை வாடகைக் காசைக் கட்டினேன், கடைசித் தடையில் விழுந்தது. ஆறு பேர் ஒரு அறையில் இருந்தோம், மூன்று நாள் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு அண்ணைதான் கேட்காமலேயே என் பங்கைக் கட்டினார். அம்மாவுக்கு இது தெரியும், உனக்கு இதுவரை சொல்லவில்லை. அதனால் இருபது பவுணைத் தனியாக ஒரு உறையில் போட்டுக் கொண்டு போ, அது முடிந்தால் ஆட்களோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டு மிச்ச ஓட்டங்களைச் சும்மா பார்.

இறுதிப் பட்டியல் வியாழக்கிழமை வரும். அன்றைக்கு இரவு எட்டு மணிக்கு அம்மா கோயிலுக்குப் போய்விடுவா, அப்போது போன் எடு. மருமகனையும் பக்கத்தில் இருக்கச் சொல், அவருக்குக் கணக்கு நல்லா வரும். கொப்பியும் பேனையும் வைத்துக்கொள், 34 பேரையும் ஒவ்வொன்றாக வாசி, முதலில் எதை வெட்டுகிறாய், ஏன் வெட்டுகிறாய் என்று நீ சொல், நான் கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா